போலீஸ் உடையில் நடிகர், தெருவில் கேமரா: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் சின்னதாக டிபன் கடை நடத்துகிறேன். போன வாரம் டிவி கம்பெனியில் இருந்து வருகிறோம் என்று இரண்டு பேர் வந்தார்கள். சீரியல் நடிகர்கள், பாடகர்கள் எல்லாம் டிரெய்னிங் எடுத்து, யூனிஃபார்ம் போட்டு, நிஜ போலீஸ்கூட ரவுண்ட்ஸ் போகிற ரியாலிட்டி ஷோவாம். பர்மிஷன் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். எங்கள் தெருவிலும் எடுப்பார்களாம். கடையைக் காட்டுவோம், 5,000 ரூபாய் தருவோம், வீட்டில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு ஃபாரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாலு பக்கம், முழுக்க இங்கிலீஷ். என் தம்பி மேல் பழைய அடிதடி கேஸ் ஒன்று ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் நடக்கிறது. இப்போது ஒழுங்காக ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்குத்தான் பயம். பத்தாவது படிக்கிற என் பையனோ டிவியில் வரப்போகிறேன் என்று குதிக்கிறான். நடிகர் வந்து பிடித்தால் அது செல்லுமா? கேமராவோடு வீட்டுக்குள் வரலாமா? கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?
ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சகோதரி, இப்போதைக்குப் போடாதீர்கள். ஃபாரத்தைத் திருப்பியும் கொடுத்துவிடாதீர்கள், உங்களிடமே இருக்கட்டும். தம்பியின் கையெழுத்து இப்போது மட்டுமல்ல, கேஸ் முடிகிற வரைக்கும் வேண்டாம். பையன் விஷயம் தனி, அதற்குப் பிறகு வருகிறேன். கடையை மட்டும் காட்டிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, அதையும் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

வந்தவர்கள் இதைப் புது ஐடியா என்று சொல்லியிருப்பார்கள். புதுசு இல்லை. 2007 ஜனவரியில் அமெரிக்காவின் சிபிஎஸ் டிவி 'ஆர்ம்டு அண்ட் ஃபேமஸ்' என்று ஒரு நிகழ்ச்சியை ஆரம்பித்தது. பழைய தொடர் ஒன்றில் நெடுஞ்சாலைப் போலீஸாக நடித்த எரிக் எஸ்ட்ராடா, மைக்கேல் ஜாக்சனின் அக்கா லா டோயா, ராக் பாடகர் ஓசி ஆஸ்பார்னின் மகன் ஜாக், மல்யுத்தத்தில் பிரபலமான டிரிஷ் ஸ்ட்ராட்டஸ் உட்பட ஐந்து பேர். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, துணைப் போலீஸாக உறுதிமொழி எடுக்க வைத்து, இண்டியானா மாநிலத்தில் மன்சி என்கிற ஊரின் தெருக்களில் இறக்கிவிட்டார்கள். துப்பாக்கி நிஜம், பிடிபட்டவர்களும் நிஜம். சில வாரம்தான் ஓடியது, அப்புறம் சிபிஎஸ் நிறுத்திவிட்டது. சட்டமோ மனசாட்சியோ நிறுத்தவில்லை. அதே நேரத்தில் எதிர் சேனலில் ஓடிய பாட்டுப் போட்டியை ஜனங்கள் பார்த்ததால் நிறுத்தினார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது அந்த ஊர்தான். மன்சி பெரிய நகரம் கிடையாது. கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்து, அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டதில் நொடித்துப்போன ஊர். 1996-ல் பி அண்ட் சி மில் மூடியதற்கு அப்புறம் புளியந்தோப்பும் பெரம்பூரும் எப்படி ஆயின என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் அந்த ஊரைப் பற்றி நான் விளக்க வேண்டியிருக்காது. பிரபலத்தைப் போலீஸாக்கும் நிகழ்ச்சி என்றால் கேமரா இந்த மாதிரி இடத்தைத்தான் தேடுகிறது. பணக்காரர்கள் இருக்கிற போட் கிளப் ரோட்டில் போதையில் கார் ஓட்டுகிறவரின் வாசலில் போய் நிற்காது, அவருக்கு வக்கீல் இருக்கிறார் என்று அதற்குத் தெரியும். உங்கள் தெருவில் கேரம் ஆடுகிற பிள்ளைகளையும் அது தேடி வரவில்லை. 2024-ல் கேரம் உலகக் கோப்பையில் நம் வடசென்னைப் பெண் காசிமா தங்கம் வாங்கி வந்த பிறகும், வடசென்னை என்றால் சினிமாவுக்கும் டிவிக்கும் இன்னும் அரிவாள்தான். அதனால் ஃபாரத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை யோசியுங்கள்: போலீஸ் வேடம் கட்டுகிறவர் சம்பளம் பேசி, விரும்பி வருகிறார். அவர் பிடிக்கப் போகிற ஆள் யார்? அந்த வேடத்துக்கு ஆள் தேடித்தான் தெருவுக்குள் வருகிறார்கள். அந்த ஆளுக்குச் சம்பளமும் இல்லை, வேண்டாம் என்று சொல்கிற வசதியும் இல்லை.

இதற்காக எல்லா நிகழ்ச்சியும் மோசம் என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் சேனல் 4 இதே மாதிரி பிரபலங்களைப் போலீஸோடு சேர்த்து ஒரு தொடர் எடுத்தது. அதில் கலந்துகொண்ட மாடல் பென்னி லங்காஸ்டருக்கு அந்த வேலை பிடித்துப்போய், 2021-ல் லண்டன் நகரப் போலீஸில் சம்பளமில்லாத சிறப்புக் காவலராக நிஜமாகவே உறுதிமொழி எடுத்தார். அது பாராட்ட வேண்டிய விஷயம். இன்னொரு பக்கம் ஸ்டீவன் சீகல். அடிதடிப் பட நாயகர், 2009-ல் இருந்து துணை ஷெரிஃபாகச் சொந்தமாக ஒரு டிவி தொடர். 2011-ல் அரிசோனாவில், சேவல் சண்டை நடத்துகிறார் என்ற சந்தேகத்தில் ஒருவர் வீட்டுக்குப் போலீஸ் கவச வாகனத்தோடு போனது, சீகலும் கேமராவும் கூடவே. உள்ளே ஆயுதம் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு ஆள் இருந்தார். சேவல் சண்டைக்குக் கவச வாகனம்! கேமரா இல்லாவிட்டால் இரண்டு கான்ஸ்டபிள் போய்க் கதவைத் தட்டியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, நம் ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். நடிகர் பிடித்தால் செல்லுமா என்று கேட்டீர்கள். காக்கி போட்டதால் மட்டும் யாருக்கும் போலீஸ் அதிகாரம் வந்துவிடாது. சட்டப்படி நியமிக்கப்பட்டால்தான் வரும். 2024 ஜூலை 1-ல் இருந்து அமலில் இருக்கும் புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 40-வது பிரிவு, பொதுஜனம் யாரும் ஒருவரைப் பிடிக்கலாம் என்கிறது. ஆனால் ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தைத் தன் கண் முன்னால் செய்தவரையோ, கோர்ட் தேடப்படும் குற்றவாளியாக அறிவித்தவரையோதான் பிடிக்கலாம். அப்படிப் பிடித்தவரை 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். அதாவது நியமனம் இல்லாத நடிகருக்கு இருக்கிற அதிகாரம், கடையில் தோசை ஊற்றுகிற உங்களுக்கும் இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வண்டியை நிறுத்தி பேப்பர் கேட்பது, சட்டைப் பையைத் துழாவுவது, ஸ்டேஷனுக்கு வா என்பது எதுவும் அவர் வேலை இல்லை.

கூட வருகிற நிஜ எஸ்.ஐ. செய்தால்? அது வேறு. அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கைது செய்கிறவர் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி பேட்ஜ் போட்டிருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 36-வது பிரிவு சொல்கிறது. அதனால் அப்படி ஒரு நிலைமை வந்தால் தம்பி மரியாதையாக ஒரே கேள்வி கேட்கட்டும்: "சார், உங்களில் யார் போலீஸ்?" இது எகத்தாளம் இல்லை, அவனுடைய உரிமை. நடிக்கிறதுக்காகக் காக்கி போடுவது குற்றமில்லை. தன்னை நிஜ அரசு ஊழியர் என்று நம்ப வைக்கிற எண்ணத்தோடு போட்டால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 205-வது பிரிவில் குற்றம். ரியாலிட்டி ஷோவில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கோடு ரொம்ப மெலிசு. பார்க்கிறவன் நம்ப வேண்டும் என்றுதானே அந்த நிகழ்ச்சியே?

வெளியாட்களைப் போலீஸோடு சேர்ப்பதில் தமிழ்நாட்டுக்கு நல்ல பழக்கமும் உண்டு, சூடுபட்டதும் உண்டு. ஊர்க்காவல் படை பல வருஷமாக இருக்கிறது, பந்தோபஸ்துக்குப் பெரிய ஒத்தாசை. 1993-ல் ராமநாதபுரத்தில் ஆரம்பித்த ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் திட்டமும் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, அந்தத் திட்டத்தில் இருந்தவர்கள் மேலும் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு அதை மறுத்தது. ஆனாலும் அடுத்த மாதமே அரசு தடை போட்டது. சத்தீஸ்கரில் சரியான படிப்பும் பயிற்சியும் இல்லாத இளைஞர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துச் சிறப்புப் போலீஸ் ஆக்கியதை 2011-ல் உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. அந்த வழக்குக்கும் சீரியல் நடிகருக்கும் தூரம் அதிகம். ஆனால் போலீஸ் அதிகாரத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது இரண்டுக்கும் பொது.

அடுத்து, வீட்டுக்குள் கேமரா. இதற்கு ஒரு அமெரிக்க வழக்கைச் சொல்கிறேன், உங்கள் நிலைமைக்கு அவ்வளவு பொருத்தம். 1992-ல் மேரிலாந்து மாநிலத்தில், ஒரு பையனைத் தேடி விடியற்காலையில் போலீஸ் அவனுடைய அப்பா அம்மா வீட்டுக்குள் நுழைந்தது. கூடவே ஒரு பத்திரிகையின் நிருபரும் போட்டோகிராபரும். அப்பா உள்ளாடையோடு படுக்கையிலிருந்து ஓடி வருகிறார், அம்மா நைட்டியில். அப்பாவைத் தரையில் கிடத்துகிறார்கள், இதெல்லாம் படம் பிடிக்கப்படுகிறது. தேடிப்போன பையன் வீட்டிலேயே இல்லை. 1999-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், வாரண்ட் போலீஸுக்குத்தான், பத்திரிகைக்காரருக்கு இல்லை, அவர்களைக் கூட்டிக்கொண்டு போனது தவறு என்று சொல்லிவிட்டது. அந்தப் படங்கள் அச்சாகவே இல்லை என்பதையும் கவனியுங்கள். அச்சானதா இல்லையா என்று கோர்ட் பார்க்கவில்லை. உள்ளே கூட்டிப்போனதே தப்பு.

அமெரிக்கத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் நம்மிடமே இருக்கிறது. 1994-ல், ஆட்டோ சங்கர் சுயசரிதை தொடர்பாக நக்கீரன் கோபால் போட்ட வழக்கில், தன்னைத் தன் பாட்டுக்கு விட்டுவிடச் சொல்கிற உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு, அவர் சம்மதம் இல்லாமல் அவர் குடும்ப விஷயத்தை வெளியிடக் கூடாது, ஆனால் கோர்ட் ஆவணத்தில் இருப்பதை எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாகவே உறுதி செய்தார்கள். உங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்ட டிவிக்காரருக்கு உங்கள் சம்மதம் வேண்டும். பக்கத்தில் போலீஸ் நிற்பது சம்மதம் ஆகாது.

இங்கே ஒரு குழப்பம் வரும். "இப்போதெல்லாம் சோதனை போட்டால் வீடியோ எடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது" என்பார்கள். உண்மைதான். புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த வீடியோவை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். அது உங்களுக்குப் பாதுகாப்பு. அதைத் தடுக்காதீர்கள். பின்னணி இசை போட்டு ஞாயிற்றுக்கிழமை இரவு காட்டுவதற்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு இரண்டு ஆபத்து. ஒன்று, சாட்சி. அடிதடிக் கேஸில் சாட்சி கோர்ட்டில் நின்று "இவர்தான்" என்று கை காட்ட வேண்டும். அதற்கு முன்பே டிவியில் அவன் முகத்தை, அதுவும் போலீஸுக்குப் பக்கத்தில் நிற்கிற முகத்தைப் பார்த்துவிட்டால், சாட்சி அன்றைக்கு அடித்தவனைச் சொல்கிறாரா, டிவியில் பார்த்தவனைச் சொல்கிறாரா? உங்கள் வக்கீல் அதைக் குறுக்கு விசாரணையில் கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டிய நிலைமையே வராமல் இருப்பது மேல்.

இன்னொன்று, பேச்சு. இது பலருக்குத் தெரியாது. போலீஸிடம் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் எதிராகச் செல்லாது. போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும், மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால் ஒழிய, செல்லாது. ஆனால் தம்பி காவலில் இல்லை. வெளியில் ஆட்டோ ஓட்டுகிறான். ஷூட்டிங் இடைவேளையில் அந்த நடிகர் தோளில் கை போட்டு, "என்ன தலைவா, அப்போ நீ என்ன பண்ண?" என்று கேட்க, இவனும் கேமரா முன்னால் வீராப்பாக நாலு வார்த்தை பேசிவிட்டால்? நடிகர் போலீஸ் இல்லை. எனவே அந்தப் பாதுகாப்பும் இல்லை என்று அரசுத் தரப்பு வாதாட இடம் இருக்கிறது. காக்கி போட்டவரிடம்தானே பேசினோம் என்ற எண்ணமே பொறி. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில், போலீஸ் காவலில் இருந்தவரை டிவிக்காரர்களிடம் பேச வைத்ததை 2005-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது, அந்தப் பேட்டியை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் காவலில் இல்லாதவன் தானாகப் பேசினால் அந்தத் தீர்ப்பு அவனுக்குக் குடை பிடிக்காது. தம்பி அவர்களோடு டீ குடிக்கட்டும், செல்ஃபி எடுக்கட்டும், கேஸைப் பற்றி வாயே திறக்க வேண்டாம்.

பையனுக்கு 18 ஆகவில்லை. அவன் போடுகிற கையெழுத்துக்கு மதிப்பில்லை, உங்கள் கையெழுத்தைத்தான் கேட்பார்கள். சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, குற்றத்தில் சிக்கியதாகச் சொல்லப்படும் சிறுவனோ, பாதிக்கப்பட்டவனோ, சாட்சியோ, யாராக இருந்தாலும் அடையாளம் தெரியும்படி எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் கொடுக்கலாம். ஒரு வேடிக்கை பாருங்கள். சிறுவர்களிடம் விசாரிக்கிற காவல் அலுவலர் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு சாதா உடையில் வர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் விதி சொல்கிறது. பிள்ளைகள் மிரண்டுவிடக் கூடாது என்றுதான். இவர்களோ போலீஸ் இல்லாதவருக்கு யூனிஃபார்ம் மாட்டிக் கூட்டி வருகிறார்கள். பையன் குதிக்கிறதை அடக்க வேண்டாம். கூட்டத்தில் ஒருவனாக நின்று கைகாட்டட்டும். போலீஸ் சம்பந்தப்பட்ட எந்தக் காட்சியிலும் அவன் முகம் வேண்டாம்.

இப்போது அந்த நாலு பக்கம். நான் அதைப் பார்க்கவில்லை, ஆனால் இந்த வகை ஃபாரங்களில் வழக்கமாக என்ன இருக்கும் என்று தெரியும். உலகம் முழுக்க, எந்த வடிவிலும், காலக்கெடு இல்லாமல் காட்டலாம் என்று ஒரு வரி. வெட்டி ஒட்டி எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் அவமானம் ஆனாலும் கேட்க மாட்டேன் என்று ஒரு வரி. வழக்குப் போட மாட்டேன், கம்பெனிக்கு நஷ்டம் வந்தால் நான் ஈடு கட்டுவேன் என்று இன்னொன்று. கோர்ட்டுக்குப் போகிற உரிமையையே முழுசாகப் பறிக்கிற ஷரத்து ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவின்படி செல்லாது. மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்தை ரத்து செய்யவும் வழி உண்டு. ஆனால் இதையெல்லாம் நிரூபிக்க நீங்கள் வருஷக்கணக்கில் அலைய வேண்டும், அதற்குள் வீடியோ எத்தனை வாட்ஸாப் குரூப்பைச் சுற்றி வந்திருக்கும்? முக்கியமாக, ஜீப் நிற்கும்போது, ஏட்டு பக்கத்தில் நிற்கும்போது, "சும்மா ஒரு சைன்தான் அக்கா" என்று நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள்.

பர்மிஷன் பேசுகிறோம் என்றார்களே, கொடுத்தாகிவிட்டதா என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். வேப்பேரியில் இருக்கிற கமிஷனர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். எந்த நிறுவனம், எந்த நிபந்தனையில், நடிகர்களுக்கு என்ன அதிகாரம் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

அனுமதி கிடைத்து, ஒருநாள் வந்தே விட்டார்கள் என்று வையுங்கள். கேமராவைப் பார்த்தே, "என் முகத்தைக் காட்ட எனக்குச் சம்மதம் இல்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள், அதுவும் பதிவாகும். கேமராவைத் தட்டிவிடாதீர்கள். தள்ளுமுள்ளு ஆனால் பக்கத்தில் நிற்கிற போலீஸ், அரசு ஊழியரைத் தடுத்ததாக உங்கள் மேலேயே கேஸ் போட வழி கிடைக்கும். தம்பிக்கு இன்னொரு கேஸ் வேண்டாம். தேதி, நேரம், வண்டி நம்பர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சேனலுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 15 நாளில் பதில் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. போலீஸ் அத்துமீறினால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள் மனு போடலாம். வக்கீல் வைக்கக் காசில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-க்குப் போன் செய்யுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நிஜ போலீஸ் வேலையைக் காட்டுகிற நிகழ்ச்சி வந்தால் முதல் ஆளாக நான் பார்ப்பேன். ஒரு சீரியல் நாயகி வெயிலில் எட்டு மணி நேரம் பந்தோபஸ்து நின்று, அங்கே கழிவறை இல்லாமல் தவிக்கட்டும். ஒரு பாடகர் ரைட்டர் மேஜையில் உட்கார்ந்து, ஃபோன் திருட்டுப் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது எழுதட்டும். சம்மன் கொடுக்கப் போய் வீடு பூட்டியிருந்து திரும்பட்டும். கோர்ட் டூட்டி ஏட்டு நாள் முழுக்கக் கட்டுகளோடு வராந்தாவில் காத்திருப்பதை நான் தினமும் பார்க்கிறேன், அதைக் காட்டினால் ஜனங்களுக்குப் போலீஸ் மேல் மரியாதை கூடும். அதற்கு உங்கள் தம்பி முகமும் தேவைப்படாது.

கடைக்கு விளம்பரம் கிடைக்கட்டும் என்று ஆசைப்பட்டால் தப்பில்லை. அவர்கள் ஃபாரத்தை விட்டுவிட்டு, நீங்களே ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி, அவர்கள் கையெழுத்தையும் வாங்கி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்: "என் கடையின் முகப்பையும் நான் சமைப்பதையும் மட்டும், இந்தத் தேதியில், இந்த நேரத்தில் படம் பிடிக்கச் சம்மதிக்கிறேன். இந்தப் படத்தைப் போலீஸ் சோதனை, விசாரணை, கைது பற்றிய எந்தக் காட்சியோடும் சேர்த்துக் காட்டக் கூடாது. என் குடும்பத்தார் யாருடைய முகமும் பெயரும் குரலும் வரக் கூடாது. ஒளிபரப்புவதற்கு முன் எனக்குக் காட்ட வேண்டும். வேறு நிகழ்ச்சிக்கும் முன்னோட்டத்துக்கும் பயன்படுத்தக் கூடாது." ஒத்துக்கொண்டால் 5,000 ரூபாயை வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள், கையில் வேண்டாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள். தம்பியை அடுத்த வாய்தாவுக்கு முன்னால் அந்த நாலு பக்கத்தையும் அவனுடைய வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். வழக்கு விவரம் அவருக்குத்தான் தெரியும், நான் சொன்னதற்கு மேல் அவர் ஏதாவது சொன்னால் அதைக் கேளுங்கள்.